கால் பார்த்து விசில் ஊதியவர்

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். ஏழு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வெள்ளிமலை பஸ் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. என் மகள் மலர் இடது காலைத் தூக்கிப் படியில் வைக்கப் பார்த்தாள். கால் பாதி உயரம் வந்து, படியின் விளிம்பில் இடித்து, கீழே இறங்கிவிட்டது. மறுபடி தூக்கினாள். மறுபடி இடித்தது. மூன்றாவது முறை கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கினாள். அப்போதும் முடியாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எட்டு வயது.

நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கண்ணால் கண்டது மூன்றாவது முறையை மட்டும்தான். முதல் இரண்டையும் படியின் மேலே நின்ற கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் தினமும் அவரிடம் டிக்கெட் வாங்கினேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் ஓர் எண் இருந்தது, அதுவும் மறந்துவிட்டது. ஐம்பது வயதை ஒட்டியவர், குள்ளம், நல்ல கறுப்பு. தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ரூபாய் நோட்டுகளை விரல் இடுக்குகளில் மடித்து வைத்திருப்பார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒரு நெல்லிக்காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். அந்த வளைவுகளில் தினமும் போய் வருகிறவருக்கே குமட்டும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவருக்குக் குமட்டும்.

எல்லாக் கண்டக்டர்களும் பயணிகளின் முகத்தைப் பார்ப்பார்கள், அல்லது கையில் இருக்கும் சில்லறையைப் பார்ப்பார்கள். இவர் காலைப் பார்ப்பார். விசில் வாயிலேயே இருக்கும். கடைசி ஆளின் கடைசிக் கால் படியைத் தாண்டி உள்ளே வந்து பலகையில் நன்றாகப் பதியும் வரை ஊத மாட்டார். நிறுத்தம் ஒவ்வொன்றிலும் இப்படித்தான். புளி மூட்டையோ பலாப்பழமோ கொண்டுவரும் மலைக்காரர்கள் ஏறினால் இன்னும் தாமதமாகும். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துக் காட்டுவார்.

"யோவ், ஊதுயா. மழ வர்றதுக்குள்ள மேல போவ வேணாமா?"

"இரு இரு. ஒரு காலு இன்னும் வெளிய கீது."

"ஆளு உள்ள வந்தாச்சு, காலு மட்டும் வெளிய இன்னா பண்ணுது?"

"அத ஆளையே கேளு."

உள்ளே சிரிப்பு எழும். சந்தைக்குப் போய்வரும் ஒரு பெரியவர் ஒருமுறை, "இன்னா கண்டக்டர்ரே, காலுக்குத் தனியா டிக்கெட்டு போடுவியா?" என்று கேட்டார். "போட்டா ஒனக்கு அர டிக்கெட்டு தான். வலது கால்ல தான நிக்கிற, எடது சும்மா கூட வருது" என்றார் இவர். பெரியவரின் முகம் மாறிவிட்டது. அந்த இடது முழங்கால் வீங்கியிருந்ததை அவர் வேட்டிக்குள் மறைத்து, வீட்டுக்கே தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் டிரைவரிடம் ஒருமுறை விசாரித்தேன். எப்போதோ யாரோ அவர் பஸ்ஸில் கால் தவறி விழுந்து செத்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கையை விரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். அந்தாளு கல்யாணத்துக்குப் போனாக்கூட பந்தியில எல எண்ண மாட்டாரு, வாசல்ல செருப்பத்தான் பாத்துகினு நிப்பாரு. பொறப்பே அப்டி."

எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். கச்சிராயபாளையத்தில் ஏறிய ஓர் இளம்பெண்ணிடம் அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "இன்னாம்மா, இடுப்புல வலியா? ஒரு பக்கமா சாஞ்சிகினு ஏறுற" என்று கேட்டுவிட்டார். இரண்டு இருக்கை தள்ளி, அந்தப் பெண்ணை முடிக்க இருந்த மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குக் கால் ஊனம் என்று பேச்சுப் பரவி, நிச்சயம் தள்ளிப்போனது. பெண்ணின் அப்பா ஒருநாள் பஸ்ஸை மறித்து ஏறி, கண்டக்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"ஒனக்கு இன்னாய்யா தெரியும்? டாக்டரா நீ? பொம்பளப் புள்ள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

இவர் காலரை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. "நான் பாத்தத சொன்னேன். சத்தமா சொன்னது தப்பு. அதுக்கு வேணும்னா அடிங்க" என்றார். அந்த அப்பா அடித்தார். ஓர் அறை. விசில் வாயிலிருந்து தெறித்து விழுந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். அவள் உண்மையில் சாய்ந்து நடந்தாளா என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பிறகு அவர் யாருடைய காலைப் பற்றியும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பார்ப்பதை மட்டும் அவர் விடவில்லை.

இனி மலரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் ஆசனவாய் இல்லாமல் பிறந்தாள். பிறந்த இரண்டாம் நாள் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றின் இடது பக்கம் துளை போட்டு, குடலை வெளியே எடுத்து வைத்தார்கள். மலம் அதன் வழியாகத்தான் வரும். எட்டாம் மாதம் ஆசனவாய் அமைத்தார்கள். அது சுருங்கிவிடாமல் இருக்க, இரும்புக் கம்பி போன்ற ஒன்றில் எண்ணெய் தடவி, தினமும் இரண்டு முறை நானே உள்ளே விட்டு எடுக்க வேண்டும். என் கணவர் குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். பல மாதங்கள் அதைச் செய்தேன். ஒன்றரை வயதில் வயிற்றுத் துளையை மூடினார்கள்.

அதை மூடி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "இப்படிப் பிறக்கிற குழந்தைகள் சிலருக்கு முதுகெலும்புக்குள்ளேயும் பிரச்சினை இருக்கும். நரம்புத் தண்டு கீழே ஒட்டிக்கிட்டு இருக்கலாம். ஒரு தடவை முதுகைப் படம் எடுத்துப் பார்த்துடலாம். அடுத்த மாசம் கூட்டிக்கிட்டு வாங்க." நான் தலையாட்டினேன். படித்தவள், பள்ளிக்கூட ஆசிரியை. அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். அடுத்த மாதம் திருநாவலூர் கோயிலில் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்தினோம். துளை மூடிவிட்டது, குழந்தை நடக்கிறாள், ஓடுகிறாள். மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்கடுத்த மாதம் போகலாம் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதும் நின்றுபோனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிறந்த புதிதில் அவள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, அதில் ஒரு தாயத்துக் கோத்திருந்தோம். எங்கள் வீடுகளில் எல்லாக் குழந்தைக்கும் கட்டுவதுதான். மற்றக் குழந்தைகளுக்குத் தாயத்து முன்பக்கமோ பக்கவாட்டிலோ தொங்கும். மலருக்கு வயிற்றில் குடல் வெளியே இருந்ததால், அது உரசிப் புண்ணாகும் என்று நான் தாயத்தைப் பின்னால் தள்ளிவிட்டேன். அங்கே, பிட்டத்துக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் அடியில் ஒரு சிறு குழி இருந்தது. அதைச் சுற்றிப் பூனைமுடி போலக் கொஞ்சம் மயிர். தாயத்து அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. சாமி பார்த்துத்தான் அங்கே இடம் வைத்திருக்கிறது என்று நினைத்தேன். துளை மூடிய பிறகும் அதை முன்னால் கொண்டுவரவில்லை. அவள் வளர வளரக் கயிற்றை மட்டும் மாற்றினேன். தாயத்து அதே இடத்தில் இருந்தது.

எனக்கு மலை மேல் வேலை. மலருக்குத் தினமும் காலையில் எனிமா கொடுத்து வயிற்றைக் காலி செய்ய வேண்டும். அப்படியும் சில நாள் பாவாடை நனைந்துவிடும், கூட இருந்து கழுவி மாற்ற ஆள் வேண்டும். அதனால் என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்து, தினமும் என்னோடு அழைத்துப் போனேன். ஆனால் சிறுநீர் விஷயத்தில் அவள் ஐந்து வயதிலேயே தேறிவிட்டாள். சொல்லிவிட்டுப் போவாள், இரவிலும் நனைக்க மாட்டாள்.

இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடம் அவள் திடீரென்று உயரமானாள். அந்தப் பொங்கலுக்குப் பிறகு மறுபடி நனைக்கத் தொடங்கினாள். எனிமாவும் முன்போல வேலை செய்யவில்லை. ராத்திரிகளில் கால் வலிக்கிறது என்பாள், வளர்கிற வலி என்று தைலம் தேய்த்துவிடுவேன். எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இந்தப் பக்கம் சரியில்லை, அது இப்போது கொஞ்சம் ஜாஸ்தியாகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். கேட்கிறவர்களிடமும் அதையே சொன்னேன். மடித்த துணி வைத்துவிட்டேன். அடர் நீலப் பாவாடையாகத் தைத்தேன்.

"ஏண்டி, வர்றப்ப சொல்ல மாட்டியா?"

"தெரியலம்மா."

"பொய் சொல்லாத. அஞ்சு வயசுல தெரிஞ்சது எட்டு வயசுல எப்படித் தெரியாமப் போவும்?"

நான் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதைக் கேள்வியாக நான் கேட்கவில்லை. கேட்டுவிட்டுத் தொடையில் கிள்ளினேன். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை.

செருப்பு விஷயம் அதற்குப் பிறகு வந்தது. பஸ்ஸில் ஏறும்போது அவளுடைய இடது ரப்பர் செருப்பு அடிக்கடி கழன்று கீழே விழும். கண்டக்டர் இறங்கி எடுத்துத் தருவார். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார். நான் ஓர் அளவு சின்னதாக வாங்கிப் போட்டேன். அதுவும் விழுந்தது. பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கினேன். அது விழவில்லை, ஆனால் ஒரே மாதத்தில் நுனி தேய்ந்து கட்டைவிரல் வெளியே தெரிந்தது. "இழுத்து இழுத்து நடக்காத, காலைத் தூக்கி வை" என்று அதற்கும் திட்டினேன்.

பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம். ஒரு சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் எல்லோரும் இறங்கிப்போன பிறகு, அவர் என்னை நிறுத்தினார். மலர் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா எடது காலு சரியா புடிக்கல."

"செருப்புதான் சரியில்ல."

"மூணு செருப்பு மாத்திட்டீங்க. மொத ரெண்டையும் நான்தான எடுத்துக் குடுத்தேன். மூணும் ஒரே எடத்துல தேஞ்சிருக்குது. வலது செருப்பு அப்டியே புதுசா கீது. பாருங்க, நடக்க சொல்ல பாதம் தொங்கிகினு போவுது."

பெண்ணின் அப்பா இவரை அறைந்த காட்சி எனக்கு நினைவு வந்தது. என் பெண்ணையும் பஸ் முழுக்கச் சொல்லிவிடுவார் என்று பயம். இவ்வளவு வருடம் எதையெல்லாம் மறைத்துப் பொத்தி வளர்த்தேன், இப்போது கால் வேறா என்று ஆத்திரம்.

"உங்க வேல டிக்கெட் குடுக்கறது. அத மட்டும் பாருங்க" என்றேன்.

அவர், "சரிங்க" என்றார்.

மறுநாளிலிருந்து நான் எட்டு மணி பஸ்ஸுக்கு மாறினேன். அது பள்ளிக்கூடப் பிரார்த்தனை முடிந்துதான் போய்ச் சேரும். தலைமை ஆசிரியர் தினமும் கையெழுத்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். இரண்டு மாதம் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கண்டக்டரின் கண்ணைவிட அது பரவாயில்லை என்று இருந்தது. அந்த இரண்டு மாதத்தைத்தான் நான் இன்றுவரை கணக்குப் பார்க்க முடியாமல் இருக்கிறேன்.

ஆகஸ்டில் எட்டு மணி பஸ் பழுதாகிப் பணிமனைக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் மறுபடி அவருடைய பஸ்ஸுக்கு வந்த முதல் நாள்தான் அந்த ஏழு மணி பன்னிரண்டு நிமிடம்.

மலர் ஏற முடியாமல் திரும்பிப் பார்த்ததும், நான் அவளைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தூக்கினேன். பாவாடை முழுக்க நனைந்திருந்தது. என் கையிலும் ஈரம். பின்னால் கூடையோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இப்பதானடி போயிட்டு வந்த!"

"தெரியலம்மா. எனக்கு நெஜமா தெரியல."

டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னாய்யா அங்க? ஊது!"

கண்டக்டர் ஊதவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படி அவர் செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இறங்கி வந்தார். கூடைக்காரப் பெண்களை, "நீங்க முன்னாடி வழியா ஏறுங்கம்மா" என்று அனுப்பினார். பிறகு குனிந்து மலரிடம் கேட்டார்.

"பாப்பா, காலு வலிக்குதா, மரத்துப் போச்சா?"

"மரத்துப் போயிருக்கு. மூணு நாளா."

எனக்கு அவள் அதைச் சொல்லவே இல்லை. சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு தடவ தூக்குனா, படில இடிச்சுது. நீங்க மணி பாத்துகினு இருந்தீங்க" என்றார் என்னிடம். "ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போங்க டீச்சர். மேல வராதீங்க."

"அவளுக்குப் பொறந்ததிலேருந்தே அந்தப் பக்கம் சரியில்ல. உங்களுக்குத் தெரியாது. ஆபரேஷன் எல்லாம் ஆன புள்ள" என்றேன்.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பொறந்ததுலேருந்து இல்லீங்க. முன்னாடி ரெண்டு வருசம் காஞ்சிதான் இருந்துச்சு."

"எது?"

"சீட்டு. நீங்க உக்கார்ற சீட்டு. வெள்ளிமலையில நீங்க எறங்கிப் போன பொறவு நான்தான தொடைக்கிறேன். பொங்கல் முடிஞ்சி வண்டி எடுத்த ரெண்டாவது வாரம் மொதல்ல நனஞ்சிருந்துச்சு. அப்பறம் வாரத்துல ரெண்டு நாளு. மாசிக்கி மேல தெனம்."

வெள்ளிமலையில் டிரைவர் டீ குடிக்கப் போகும்போது இவர் வாளியும் பழைய காக்கித் துணியுமாக உள்ளே போவதை நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வளைவுகளில் யாராவது வாந்தி எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். துணி மடித்து வைத்தும், அடர்நீலப் பாவாடை தைத்தும் நான் மறைத்த எல்லாவற்றையும் அவர் தினமும் துடைத்திருக்கிறார். டிரைவருக்குக்கூடத் தெரியாது.

"டாக்டரு எப்பலேருந்துன்னு கேப்பாரு" என்றார் அவர். "பொங்கல்லேருந்துன்னு சொல்லுங்க. பொறந்ததுலேருந்துன்னு மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர். அப்டி சொன்னீங்கன்னா அவரும் உட்டுருவாரு."

நாங்கள் மேடைக்குத் திரும்பி நிற்கும் வரை பார்த்துவிட்டு, அவர் ஏறிக்கொண்டார்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் போன குழந்தை மருத்துவருக்கு முன்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார். வயிற்றில் தழும்பைப் பார்த்தார், என்ன ஆபரேஷன் என்று கேட்டார், சொன்னேன். "யூரின் எப்பலேருந்து இப்படிப் போகுது?" என்றார். என் வாயில் அந்தப் பழைய பதில்தான் முதலில் வந்து நின்றது. எட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். அதை விழுங்கிவிட்டு, "பொங்கலுக்குப் பிறகு, சார். அதுக்கு முன்ன ரெண்டு மூணு வருஷம் நல்லா இருந்தா" என்றேன்.

அவர் பேனா நின்றது. "நல்லா இருந்து கெட்டுப்போச்சா? அப்ப அது வேற" என்றார். மலரைப் படுக்கச் சொல்லி, முழங்காலில் தட்டிப் பார்த்தார், பாதத்தில் கீறிப் பார்த்தார். பிறகு அவளைக் குப்புறத் திருப்பி, இடுப்புக் கயிற்றை ஒரு விரலால் தூக்கி, தாயத்தை நகர்த்தினார். குழியைப் பார்த்தார்.

"இத யாரும் பாக்கலையா?"

"நான் பார்த்தேன், சார்" என்றேன்.

"அந்த ஆபரேஷன் பண்ணப்ப முதுக ஸ்கேன் பண்ணச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க, சார்."

அவர் திட்டவில்லை. சென்னைக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். கயிற்றை நான்தான் அறுத்தேன்.

சென்னையில் எடுத்த படத்தில், துளையை மூடியபோது டாக்டர் சந்தேகப்பட்டது அப்படியே இருந்தது. நரம்புத் தண்டு சாதாரணமாக இடுப்புக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். மலருக்கு அது கீழே, கொழுப்புக் கட்டி ஒன்றோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தை உயரமாகும்போது எலும்பு நீளும், ஒட்டிய நரம்பு இழுபடும். காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் செய்திகள் அந்த இழுப்பில் அறுந்துகொண்டே வரும். அவள் வளர்ந்தாள் என்று நான் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு அங்குலமும் அவளை இழுத்திருக்கிறது.

"ஒட்டினத விடுவிச்சா இதுக்கு மேல கெடாது. அதுக்குத்தான் ஆபரேஷன்" என்றார் நரம்பு டாக்டர். "போனது திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது. எட்டு மாசம்கறது கொஞ்சம் அதிகம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா நான் இந்தப் பேச்சே பேசியிருக்க மாட்டேன்."

திரும்ப வந்து நான் வேலைக்குப் போகத் தொடங்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த பஸ்ஸில் வேறு கண்டக்டர் இருந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர், பஸ் ஏழு பத்துக்குக் கிளம்பியது. டிரைவரிடம் கேட்டேன். "அவர சின்னசேலம் ரூட்டுல போட்டுட்டாங்க டீச்சர். லேட்டு லேட்டுன்னு மெமோ மேல மெமோ. இன்னா பண்றது." இரண்டு ஞாயிற்றுக்கிழமை சின்னசேலம் பஸ்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். ஒரு வாரம் அவருக்கு விடுமுறை என்றார்கள். அடுத்த வாரம் வேறு பணிமனைக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். பெயரைச் சொல்லிக் கேட்க என்னிடம் பெயர் இல்லை. "காலப் பாப்பாரே, அவரா?" என்று அவர்களே கேட்டார்கள். ஆமாம் என்றேன். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்காமலே போயிற்று.

மலர் இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். இடது பாதம் முழுதாகத் திரும்பவில்லை. செருப்புக்குள் ஒரு தாங்கு வைத்து நடக்கிறாள், வேகமாகவே நடக்கிறாள். இன்னும் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரகமும் முதுகும் பார்க்க வேண்டும், மறுபடி ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்தால் நான் அவளுக்குப் பின்னால் நடந்து பாதத்தைப் பார்ப்பேன். "அம்மா, முன்னாடி வா" என்று அதட்டுவாள். அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை அவளுக்குத் தெரியாமல் தொட்டுப் பார்ப்பேன். இது அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

எட்டு வயதில் நடந்த அந்த ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள் அவளைக் குப்புறவும் ஒருக்களித்துமாகப் படுக்க வைத்திருந்தார்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். ஆறாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். இனி இரண்டில் ஒன்று என்றார் வார்டு சிஸ்டர். தானாக உணர்ந்து போனால் நல்லது. இல்லையென்றால், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுக்க எனக்குக் கற்றுக்கொடுப்பார்கள், வாழ்நாள் முழுக்க. நான் முன்பு இரும்புக் கம்பி பிடித்த கைதானே, கற்றுக்கொள்ளும். ஆனால் இந்த முறை அவளுக்கு எல்லாம் புரிகிற வயது.

ஒன்பது மணிக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். பத்துக்கு இன்னொன்று. பதினோரு மணிக்கு சிஸ்டர் வந்து அடிவயிற்றை அமுக்கிப் பார்த்து, "நெறஞ்சிருக்கு" என்றார். "ஒனக்கு ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார். மலர் தலையை ஆட்டினாள். இல்லை. என் கணவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். பதினொன்றரைக்கும் இல்லை. சிஸ்டர் ஒரு தட்டில் குழாயும் கையுறையும் எடுத்து வைத்து, "பன்னெண்டு வரைக்கும் பாப்போம்" என்று பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளும் யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

கட்டில் அசைந்தது. திரும்பினால், மலர் கம்பியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். "நீ வராத" என்றாள். ஆயா ஒருத்தி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வார்டின் கோடியில் இருந்த கதவுக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

கதவு திறந்தது. ஆயா முதலில் வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பின்னால் மலர், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வந்தாள். நடந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கட்டிலருகே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பாவாடையின் பின்பக்கத்தை முன்னால் இழுத்து எனக்குக் காட்டினாள்.

"தொட்டுப் பாரும்மா. வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. கொஞ்சமாத்தான். ஆனா தெரிஞ்சுது" என்றாள்.